அசனச் சோறு பற்றி நான் முன்பு எழுதியது

அனுப்புநர்:
சாமுவேல் வரதராசா,
பெரிய கிளாக்கர், சபைக் கமிட்டிச் செயலாளர்,
கல்லுமலைத் தோட்டம், ஹேவாஹெட்ட.

பெறுநர்:
மேற்பார்வைக் குருவானவர் அவர்கள்,
மிஷன் இல்லம், கண்டி.

பொருள்: உபதேசியார் மாசிலாமணி அவர்களை ஹுன்னஸ்கிரியவுக்கு மாற்றும் உத்தரவை நிறுத்துமாறும், 24-8-1931 தேதியிட்ட என் மனுவைத் தள்ளுமாறும் வேண்டல்.

கனம் பொருந்திய ஐயா,

1. எங்கள் சபையில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துவைப்பதும், அறுப்பின் பண்டிகையன்று அதை அசனமாக, சபையார் எல்லோருக்கும் பொது விருந்தாக, சமைத்து உண்பதும் வழக்கம். லயங்களில் குடியிருக்கும் தொழிலாளரான லயத்து மக்களின் அரிசி பெரிய கிடாரத்தில் வேகும். உத்தியோகக் குடும்பங்களான எங்கள் நான்கு வீட்டு அரிசி தனிப் பானையில் வேகும். பந்தியும் அப்படியே. இருபது வருடமாக இதை ஒருவரும் குறை சொன்னதில்லை. சொல்ல லயத்தாருக்கு வாய் இருக்கவில்லை என்பதே சரி.

2. இவ்வருடம் எல்லா அரிசியும் ஒரே கிடாரத்தில் வேகட்டும் என்று உபதேசியார் கமிட்டியில் கேட்டார். நானும் கை உயர்த்தினேன். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் உயர்த்திய கை அது.

3. பண்டிகையன்று எங்கள் நான்கு வீட்டு அரிசிப் பைகள் பழையபடி தனியே இருந்தன. உபதேசியார் ஒருவரையும் வற்புறுத்தாமல் கிடாரத்தருகே நின்றார். மற்ற மூன்று குடும்பத்தாரும் கோயிலுக்குள் இருந்த வேளையில் எங்கள் வீட்டுச் சிவப்புப் புழுங்கல் அரிசி கிடாரத்தில் விழுந்தது. லயத்தாருக்குத் தோட்டத்தில் அளக்கும் வெள்ளை அரிசி குழைந்தது, எங்களுடையது வேகவில்லை. நாங்கள் நான்கு வீட்டு ஆண்களும் கை நனைக்காமல் எழுந்து போனோம். உபதேசியார் கடைசிப் பந்தியில் அமர்ந்து அந்தச் சோற்றை உண்டார்.

4. என் பையை அவர் பறித்துக் கொட்டினார் என்றும், அதனால் சோறு வேகவில்லை என்றும் தங்களுக்கு எழுதினேன். மற்ற மூவரும் என்னை நம்பியே கையெழுத்திட்டனர். தாங்கள் விசாரணைக்கு வந்தபோது லயத்தாரை அழைக்க வேண்டாம் என்றவனும் நானே. கிடாரத்தில் விழுந்ததற்குத் தாமே பொறுப்பு என்பதற்கு மேல் உபதேசியார் எதுவும் சொல்லவில்லை. ஐயா, அவர் பறிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்.

5. கொட்டியவள் என் மனைவி இரத்தினம்மா. போன வருடம் எங்கள் கைக்குழந்தை இறந்தபோது மழையில் குழி வெட்டியவர்கள் லயத்து மக்கள். சுப்பம்மா என்னும் கொழுந்து பறிக்கும் பெண் கொண்டுவந்த கஞ்சியைத்தான் மூன்று நாளும் என் மனைவி குடித்தாள். பண்டிகையன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் எங்கள் பையை அவிழ்த்துக் கொட்டினாள். மனைவி என்னை மீறினாள் என்று எழுத வெட்கப்பட்டு, எதிர்த்துப் பேசாத மனிதர்மேல் எழுதினேன்.

6. மாற்ற உத்தரவு வந்தபின் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஐயா, சோறு வேகலைன்னு எழுதுனது உண்மைதானே. மத்தத என்னைக் கேட்டா, ஒரு அம்மா பேரைச் சபையில இழுக்க வேண்டியிருக்கும்," என்றார்.

7. ஆகையால் இம்மாதம் முப்பதாம் தேதி அவர் புறப்படாதபடி உத்தரவை நிறுத்தவும், என்னைக் கமிட்டியிலிருந்து நீக்கவும், இம்மனுவை ஞாயிறு ஆராதனையில் லயத்தார் கேட்க வாசிக்கவும் பணிந்து கேட்கிறேன். அவர் போய்விட்டால் அடுத்த வருடம் மறுபடியும் இரண்டு அடுப்பு எரியும்.

8. இதுவரை எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டி, அவள் பெயரை அடித்துவிடவா என்று கேட்டேன். "என்ரை பேரும் கிடக்கட்டும்," என்றாள். பண்டிகைக்குப் பின் இந்த விஷயமாக அவள் என்னோடு பேசியது இதுவே முதல் தடவை.

தங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கும்,
சா. வரதராசா

இடம்: ஹேவாஹெட்ட
தேதி: 9-11-1931