கையெழுத்து என்னுடையதுதான்

நடுக்கடலில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நலமாக இருக்கிறேன். இதை முதலில் சொன்னால்தான் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆம், உங்களைக் கேட்காமல்தான்.

பெரிய டாக்டர், கட்டி இருக்கும் ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிடலாம் என்றார். நீங்களும், “அவர் சொன்னபடியே செஞ்சுடலாம். ஆனா நான் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதே” என்று போனை வைத்துவிட்டீர்கள். இன்னொன்று இருக்கிறதே என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். நல்லதாக இருக்கும் பாகத்தை நான் ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

வேறொரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர், கட்டி ஓரத்தில்தான் இருக்கிறது, தள்ளி ஒரு மெஷினில் உட்கார்ந்தபடி ரோபோ கைகளை இயக்கி அதை மட்டும் எடுக்கப் பார்க்கலாம் என்றார். கூடவே, “ரத்தம் நிக்கலைன்னா மெஷின விட்டு எழுந்து வந்து கையாலயே திறந்துடுவேன். அப்ப முழுசும் போகலாம்” என்றார். மழுப்பாமல் சொன்னாரே, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

உங்கள் அக்கா வந்து ஒரே ஆர்ப்பாட்டம். “பக்கத்துல கூட நிக்காம மூலைல உக்காந்து வீடியோ கேம் ஆடுறவங்ககிட்டயா உடம்பக் குடுப்ப?” என்றார். “நானுந்தான் துறைமுகத்துல கிரேன்ல உக்காந்து கன்டெய்னரத் தொடாமலே தூக்குறேன் அண்ணி. இதுவரைக்கும் யார் தலையிலயும் போட்டதில்ல” என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், மறுநாள் கஞ்சியோடு வந்து நின்றார்.

மருத்துவமனைக் கவுன்ட்டரில் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லையா என்று கேட்டார்கள். “உடம்பு என்னோடது, கையெழுத்தும் என்னோடதுதான்” என்று பேனாவை வாங்கிப் போட்டேன். தேதியையும் போட்டுவிட்டேன்.

உள்ளே பிளாஸ்டிக் உறை மாட்டிய நான்கு இரும்புக் கைகள். பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. மூலையில் டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கீழே இருந்த பெடல்களை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன் கேபினில் நானும் அப்படித்தானே உட்காருவேன்? அதற்குப் பிறகு தைரியமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கட்டி போய்விட்டது. சிறுநீரகம் என்னோடுதான் இருக்கிறது. கட்டி கெட்ட ஜாதிதானாம், புற்றுநோய். ஆனால் வெட்டிய ஓரம் நோய் மிச்சமில்லாமல் சுத்தமாக இருக்கிறதாம். அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள். இருமினால் உயிர் போகிறது, மற்றபடி நடக்கிறேன்.

மேலாளர் வந்து, இனிமேல் கீழே மேஜை வேலை பாரேன் என்று கரிசனம் காட்டினார். டாக்டர் ஏணி ஏறலாம் என்று சொல்லும் நாள் வரை விடுப்பு, அதன்பின் கிரேன் மேலேதான் என்று சொல்லி அனுப்பினேன்.

மயக்கம் தெளியும்போது யாரையோ விடாமல் திட்டிக்கொண்டிருந்தேன் என்று நர்ஸ் சிரித்தார். யாரை என்று சொல்ல மாட்டேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும், நேரில் சண்டை போடலாம். கேப்டனிடம் லீவு கேட்கும்போது மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மனைவி நன்றாக இருக்கிறாள், பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று கேளுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

சொன்ன பேச்சைக் கேட்காத,
உங்கள் வீட்டுக்காரி