சிவப்பு தெரியாத இருவர்

ஜூன் 3
வெள்ளரிப் பிஞ்சுகள் இன்றும் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. மாடி முழுக்கச் செம்பருத்தியும் சிவப்பு ரோஜாவும் வைத்து வளர்த்திருக்கிறேன். ஒரு தேனீகூட எட்டிப் பார்க்கவில்லை; அது வந்தால்தானே பிஞ்சு நிற்கும்?

என் கணவரும்தான். ரயில் ஓட்டுநர் தேர்வில் தேறிய மனிதரை, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்று கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வேறு வேலை தேடலாமே என்றால் "ம்". சாப்பிட வாங்க என்றாலும் அதே "ம்".

ஜூன் 7
வலுக்கட்டாயமாக மாடிக்கு இழுத்துப் போனேன். "என் தோட்டம் எப்படி?"

"பூ எங்க இருக்கு? எல்லாம் இலை மாதிரிதான் தெரியுது." இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு புத்தி எங்க போச்சு? அவர்கிட்ட போய் சிவப்பைக் காட்டுறேனே!

ஜூன் 8
அக்கா அறிவியல் டீச்சர். போனில் புலம்பினேன். "தேனீக்குச் சிவப்பு தெரியாதுடி. நீலம், ஊதா, மஞ்சள் வை. அதுக்கு வர்றது அப்படியே வெள்ளரிக்கும் போகும்."

அப்படியானால் என் வீட்டிலேயே ஒரு தேனீ படுத்திருக்கிறது!

ஜூன் 9
செடி விற்கும் நர்சரிக்கு அவரை அழைத்துப் போனேன். "உங்க கண்ணுக்கு எது பளிச்சுன்னு தெரியுதோ, அத எடுங்க."

"கேலி பண்றியா?"

"தேனீக்கும் உங்க கண்ணுதாங்க. அக்கா சொன்னா."

முறைத்தார். பிறகு சிரித்தே விட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! சங்குப்பூ, சூரியகாந்தி, பெயர் தெரியாத ஊதா ஒன்று — தயங்காமல் எடுத்தார். நர்சரிக்காரர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 21
தேனீ இன்னும் வரவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறார். தேனீயும் கைவிட்டால் மறுபடி சுவர்தான். பயமாக இருக்கிறது.

ஜூலை 2
"ஏய், மேல வா! சீக்கிரம்!"

கரண்டியும் கையுமாக ஓடினேன். சங்குப்பூவில் ஒரு தேனீ. அங்கிருந்து சூரியகாந்தி. அப்புறம் — வெள்ளரிப் பூ!

"பாரேன், என்னை மாதிரியே ரோஜாவ கண்டுக்காமப் போகுது," என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

ஜூலை 15
பிஞ்சு நிற்கிறது, விரல் நீளத்துக்கு. இன்னும் நீலப்பூ வைக்கலாமே என்று ரோஜாத் தொட்டியை நகர்த்தப் போனேன்.

"அது அங்கயே இருக்கட்டும். எங்களுக்குத் தெரியலன்னா என்ன, உனக்குத் தெரியுதில்ல?"

தொட்டியை அங்கேயே விட்டு, அதற்கும் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 27
விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. நர்சரியில் இன்று வேலைக்கு முதல் நாள், எனக்கு முன்னால் எழுந்து கிளம்பிவிட்டார். மேஜையில் எங்கள் மாடி வெள்ளரிக்காயில் என் பங்கை நறுக்கி வைத்திருந்தார். கொஞ்சம் கசப்புதான். முழுவதையும் தின்றேன்.