தங்கக் கோழிக்கு எடுத்த அளவு

முதலாளி, இன்று காலை உறுதியான செய்தி இது: உங்கள் கூண்டில் பெட்டை முட்டையிட்டிருக்கிறது. நீங்கள் காலமான பிறகு இதுதான் முதல் ஈடு. தகவல் தந்தவர் உங்கள் மனைவி. நேரில் பார்த்தீர்களா என்று வழக்கம்போலக் கேட்டேன். "பாக்காம சொல்றதுக்கு நான் என்னங்கண்ணா, பத்திரிகையா நடத்தறேன்?" என்றார். அதற்கு மேல் அந்த ஆதாரத்தை நான் சோதிக்கவில்லை.

முட்டை எடுக்கப் போன இடத்தில் கிடந்ததாகச் சேவலின் வால் இறகு ஒன்றையும் கையில் கொடுத்தார். என் முழங்கை நீளம். மூக்கருகே கொண்டுபோனேன். பிளீச்சிங் பவுடர் வாசம். உலகத்தில் வேறெந்தக் கோழியின் இறகிலும் இந்த வாசம் வராது என்று எழுத ஆசைதான். சரிபார்க்க வழியில்லாததால் விட்டுவிடுகிறேன்.

இந்த இறகின் தாத்தா ரயிலில் வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் பனியன்களை வாங்கி விற்ற கல்கத்தா வியாபாரி, பிரியத்தில் ஒரு ஜோடியை மூங்கில் கூடையில் போட்டு அனுப்பியிருந்தார். கம்பெனி முற்றத்தில் கூடையைத் திறந்தபோது தையல்காரர்கள் அத்தனை பேரும் மிசினை நிறுத்திவிட்டு வந்தார்கள். பொன் கொண்டை, குங்குமச் சிவப்பில் வயிறு, கழுத்தைச் சுற்றி விசிறி மடிப்பு, உடம்பைப் போல் இரண்டு மடங்கு வால். பக்கத்தில் பெட்டை, பாவம், காய்ந்த பனையோலை நிறத்தில் நின்றது. ஃபெசன்ட் என்று ஏதோ பெயர் எழுதியிருந்தது. நம் வாய்க்கு அது தங்கக் கோழி ஆயிற்று.

கூடவே வந்த ஆங்கிலக் கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். பூர்வீகம் சீன மலைகள். அழகுக்கு வளர்ப்பது, அறுப்பதற்கல்ல. தீபாவளி கழிந்து நேரில் வந்து 'என் குழந்தைகளை'ப் பார்ப்பேன் என்று முடித்திருந்தார். கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமி கேட்டார்: "ஏனுங்க மொதலாளி, எல்லையில சண்டை முடிஞ்சும் சீனாக்காரன் ஆளுகள அனுப்பிக்கிட்டே இருக்கறானுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "கைநீட்டி வாங்கின உசுருங்க நிருபரே. இது செத்துப்போச்சுன்னா அந்த மனுசன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்த காரியத்தை இந்தத் திருப்பூரில் மட்டும்தான் செய்ய முடியும். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தீர்கள். பழனிச்சாமி சேவலைப் பிடித்துக்கொள்ள, நெஞ்சுச் சுற்றளவு எடுத்தீர்கள். உயரம் எடுத்தீர்கள். "நாலு விரல் கூட வெச்சுக்குங்க. அதுக்கு மேல லூசு குடுத்தா தொளதொளன்னு போயிருமுங்க" என்று கூண்டு செய்ய வந்திருந்த தச்சரிடம் சொன்னீர்கள்.

"கூண்டு தொளதொளன்னு போகுமுங்களா மொதலாளி?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதறதோட நிறுத்திக்குங்க நிருபரே. அளவு எங்க தொழிலுங்க."

நம் ஊரில் திட்டுவதற்கும் 'ங்க' போடுவார்கள் என்பதால் நான் வருத்தப்படவில்லை. கூண்டு வந்தது. சேவல் அதற்குள் நின்றது, முதல் தரமான பனியன் போல, எங்கும் சுருக்கமில்லாமல். திரும்பத்தான் முடியவில்லை. அளவெடுத்தபோது வாலை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அது கம்பிக்கு வெளியே நீண்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டு வெள்ளாடு அன்று மத்தியானம் அதைப் பார்த்தது.

நீங்கள் ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். பாதி வால் அதன் வாயில் இருந்தது. உங்கள் மனைவி கதவோரம் நின்று, "ஆட்ட எதுக்குங்க வையறீங்க? சோத்த வெளியில நீட்டி வெச்சது ஆரு?" என்றார்.

இரண்டாவது கூண்டு கட்டில் அளவு. வாலுக்கும் இடம் விட்டிருந்தீர்கள். மேலே கெட்டிக் கம்பி வலை. இனி ஆடு வராது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து மில்லின் சங்கு ஊதியது. அன்றுதான் நமக்குத் தெரிந்தது, இந்தப் பறவை மிரண்டால் ஓடாது. நின்ற இடத்திலிருந்து நேராக மேலே பாயும். கம்பியில் மண்டை மோதி, பொன் கொண்டையில் ரத்தம் வழிய விழுந்தது. மாட்டு டாக்டர் வந்து மஞ்சள் மருந்து பூசினார். "மாடுன்னா மேல குதிக்காதுங்க, அதனால எனக்கு அனுபவம் கம்மி. ஆனா இப்படி இன்னும் ரெண்டு அடி பட்டா இந்த மண்டை தாங்காதுங்க" என்றார்.

அன்று முதல் உங்கள் நாள் மில் சங்கைச் சுற்றி நடந்தது. ஷிப்டு மாறும் நேரம் நெருங்கினால், எந்த வேலையில் இருந்தாலும் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். கூண்டுக்குள் கையை விட்டு, சேவலின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே அதைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் பேச்சு மும்முரமாக இருந்தபோது, "சித்த இருங்க, சங்கு ஊதற நேரமாச்சு" என்று நீங்கள் எழுந்து ஓட, பூஜைக்குப் போகிறீர்கள் என்று நினைத்து அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். தலையணையோடு திரும்பி வந்த உங்களைப் பார்த்தபின் அவர் அதிகம் பேரம் பேசவில்லை.

ஆனால் நீங்கள் இளைத்துப்போனீர்கள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சேவல் தீனி எடுப்பதைக் குறைத்திருந்தது. "எல்லா நேரமும் நான் இருக்க முடியாதுங்களே" என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னீர்கள்.

அந்த ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. களத்தில் காயப்போட முடியாமல், நெட் பனியன் துணியை ஷெட்டுக்குள் மூங்கில்களின் குறுக்கே விரித்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் வைக்கப் போன நீங்கள் கூண்டுக் கதவைச் சாத்த மறந்தீர்கள். சேவல் வெளியேறி நேராக ஷெட்டுக்குள் நடந்தது. நீங்கள் பின்னால், உங்கள் பின்னால் பழனிச்சாமி, அவர் பின்னால் கம்பெனி முழுவதும். "ஆரும் அசையாதீங்க!" என்று நீங்கள் கத்தினீர்கள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். மில் சங்கு மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

சேவல் பாய்ந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஆகவே இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. தலை நெட் துணியில் முட்டியது. துணி மேலே எழும்பி, ஊதிய வயிறு போல நின்று, பிறகு மெல்லத் தழைந்து அதைத் தரையில் இறக்கிவிட்டது. சேவல் இறகை ஒருமுறை உதறிக்கொண்டு, கட்டிங் டேபிளுக்கு அடியில் எதையோ கொத்தப் போனது.

"கண்ணத் தொறங்க," என்றார் உங்கள் மனைவி. "அதுக்குப் புரிஞ்சுபோச்சு. நமக்குத்தான் சங்கு ஊதிச் சொல்ல வேண்டியிருக்குது."

மழை விட்டதும் நீங்கள் களத்தில் இறங்கினீர்கள். இந்த முறை சேவலை யாரும் பிடிக்கவில்லை. நாலு முளை அடித்து நடுவில் நின்றீர்கள். வேட்டியின் பின்னால் இரண்டு கெஜம் பனியன் துணியைச் செருகி வாலாகத் தொங்கவிட்டுக்கொண்டு, கைகளை அகல விரித்து ஒரு சுற்று திரும்பினீர்கள். துணி ஒரு முளையில் உரசியது. முளையைத் தள்ளி அடிக்கச் சொன்னீர்கள். மறுபடி திரும்பினீர்கள். சுவரோரம் நின்ற பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு எதுவும் காதில் விழவில்லை. வேர்த்துப்போய் என்னிடம் வந்து சொன்னீர்கள்: "உடம்புக்கு அளவெடுத்தது தப்புங்க நிருபரே. திரும்பறதுக்கு அளவெடுத்திருக்கோணும்."

அப்படித் திரும்பித் திரும்பிக் களம் முழுவதும் கூண்டாகிவிட்டது. பக்கங்களில் கம்பி, மேலே நெட் பனியன் துணியைச் சேர்த்துத் தைத்த கூரை. பழனிச்சாமி தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரிங்க மொதலாளி. இனி துணிய எங்கீங்க காயப்போடறது?"

நீங்கள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தீர்கள். "கோழிக்கு மேல" என்றீர்கள்.

கூரைக்கு மேலே கயிறு கட்டி, பிளீச்சிங் போட்டு அலசிய துணியெல்லாம் அங்கே காய்ந்தது. கீழே கோழிகளுக்கு நிழல். மழைக்காலத்தில் கூரை பசுமடி போலக் கனத்துத் தொங்கும். நீங்கள் உள்ளே நின்று கழியால் குத்தி, அத்தனை தண்ணீரையும் தலையில் வாங்கிக்கொள்வீர்கள்.

கல்கத்தாக்காரர் வந்தார். மொட்டை வாலைப் பார்த்து முகம் சுருங்கினார். "இங்க வெயில் சாஸ்தியுங்க, அதனால கொஞ்சம் கத்தரிச்சு உட்டோம்னு சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னீர்கள். உங்கள் கூற்று என்ற குறிப்போடுதான் அதை மொழிபெயர்த்தேன். அவர் கூண்டுக்குள் ஒரு சுற்று நடந்தார். கல்கத்தாவில் தன் அறையே இவ்வளவு அகலம் இல்லை என்றார். ஒரு கயிற்றுக் கட்டில் கேட்டு வாங்கி, ஈரத் துணியின் நிழலில் படுத்துத் தூங்கினார். சங்கு ஊதியது. சேவல் குதித்துப் பத்திரமாக இறங்கியது. கட்டிலிலிருந்து குதித்த கல்கத்தாக்காரர்தான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

இப்போது உங்கள் மகன் புது மிசின்கள் வாங்குகிறார். ஷெட்டுக்கு இடம் வேண்டும். "மூணு கோழிக்கு இத்தன எடமுங்களா மாமா? அளவாச் சின்னதா ஒண்ணு செஞ்சு உட்டாப் போதாதுங்களா?" என்று என்னிடம் கேட்டார். கேட்டுக்கொண்டே கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, சேவலைப் பிடிக்கச் சொல்லி, நெஞ்சுச் சுற்றளவு எடுக்க ஆரம்பித்தார். அவர் அன்று பிறந்திருக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

உங்கள் மனைவி என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு துண்டு பனியன் துணியோடு வந்து, மகனின் இடுப்பில் பின்னால் செருகினார். "கைய விரிச்சுக்கிட்டுத் திரும்பு கண்ணு" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். துணி, புது ஷெட்டுக்காகக் கூண்டின் குறுக்கே கட்டியிருந்த அளவுக் கயிற்றில் மாட்டியது. முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார், நீங்கள் பார்த்தது போலவே, வெகுநேரம்.

நானும் உங்கள் அளவைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கூடத்து நடுவில் நின்று ஒரு சுற்று திரும்புகிறேன். மனையடி சாஸ்திரம் தெரிந்தவர் என்று வீட்டுக்காரர்கள் மரியாதையாக விலகி நிற்கிறார்கள்.

மற்றபடி நிலவரம் இது. முட்டைகளை ஒரு நாட்டு அடைக்கோழிக்கு வைத்திருக்கிறார்கள். பங்குனி உத்திரத்தை ஒட்டிக் குஞ்சு பொரிக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஷெட் எங்கே என்பதை அதற்குப் பிறகே முடிவு செய்வதாக உங்கள் மகன் சொல்லியிருக்கிறார். பிடுங்கிய முளைக்குச்சி கூண்டுக் கதவில் சாய்ந்து கிடக்கிறது. இதை எழுதும் வரை யாரும் அதைத் திரும்ப அடிக்கவில்லை.