நானா வரைந்த கடல்

கணினியில் கட்டம் கட்டமாய் மனிதர் வரைந்த, எனக்கு முன் பிறந்த என் அருமை நானாவுக்கு,

அங்கேயும் விளையாட ஆள் கிடைத்ததா? இங்கே கண்டக்குழியில் உங்கள் பழைய கணினியில் விளையாடுவதை நான் விட்டபாடில்லை. "பாஞ்சு பாஞ்சு என்னத்தப் புடிக்கப் போறாய்?" என்று உம்மா ஏசுகிறா.

நீங்கள் பழக்கிவிட்டதுதானே. யாரோ முகம் தெரியாதவர்கள் காசு வாங்காமல் இணையத்தில் போட்டுவைத்த குட்டி விளையாட்டுகள், பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதில் ஓடிப் பாயும் ஆளின் முகத்துக்கு நாலு புள்ளிதான். ஆனாலும் அந்த ஆள் பள்ளத்தில் விழுந்தால் எனக்கு நெஞ்சு பதறும். நாலு புள்ளிக்கு ஏன் பதற வேண்டும்?

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோவதற்கு முன் நீங்களே ஒன்று செய்து போட்டீர்களே, இப்போது அதைத்தான் விளையாடுகிறேன். கடைசிக் கரையில் நம் ஆள் நிற்பான், தூரத்தில் ஒரு வள்ளம் ஆடும். எவ்வளவு ஓடிவந்து பாய்ந்தாலும் எட்டாது. ஆழத்தில் விழுவான், மறுபடி முதலிலிருந்து.

"செய்தவர் பிழை விட்டிருக்கிறார், இதை முடிக்கவே முடியாது" என்று இணையத்தில் அந்த விளையாட்டுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நானாவா பிழை விடுவார்? ஆனால் உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. உடம்புக்கு முடியாமல் அரைகுறையாய் விட்டுவிட்டீர்களோ?

நேற்றுப் பின்னேரம் வாப்பா வலையை உதறிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் புள்ள இவன் பாயிறான்?"

"வள்ளத்துல ஏறத்தான் வாப்பா."

"கரையில நிண்டு ஆராச்சும் வள்ளத்துக்குப் பாயிறதா? மெல்ல எறங்கி இடுப்பளவு தண்ணியில நிக்கச் சொல்லு. வள்ளம் தன்னால வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினம் பார்க்கிற காட்சிதானே! மற்ற விளையாட்டுகளில் தண்ணீர் பட்டாலே சாவு. ஆடி ஆடி நம் கடலையே மறந்திருக்கிறேன். பாயாமல் மெல்ல நடத்தினேன். முழங்கால், இடுப்பு. நின்றேன். வள்ளம் திரும்பி வந்தது.

அதில் என்ஜினைப் பிடித்தபடி ஒரு குட்டி உருவம் இருந்தது. கிளிப்பச்சை முக்காடு. அது என்னுடையது, நானா. சின்னதிலிருந்து எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்? "பொம்பிளப் புள்ளைக்கு என்ன வள்ளம்" என்று ஒருவரும் ஏற்றவில்லை. நீங்கள் என் கையில் என்ஜினையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அழுதேன். வாப்பா குனிந்து திரையில் அந்த முக்காட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிழை இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் நம் ஆளை ஏற்றிக்கொண்டு கொஞ்சத் தூரம் போனதும் திரை வெறும் நீலம். அதற்குமேல் நீங்கள் வரையவில்லை. எங்கே போக நினைத்தீர்கள்? கற்பிட்டிப் பக்கமா, கடலுக்கு அப்பாலா?

பிழை என்று எழுதியவருக்கு நான் பதில் போட மாட்டேன். அவரும் இறங்கிக் கால் நனைக்கட்டும். நான் இப்போது வரையப் பழகுகிறேன், என் அலைகள் இன்னும் படிக்கட்டு மாதிரித்தான் இருக்கின்றன. இருந்தாலும் அக்கரையை நான் வரைந்து முடிப்பேன், உங்களைப் போலவே காசு வாங்காமல் போடுவேன். அதுவரை உங்கள் ஆளை இறக்கிவிட மாட்டேன்.

என்ஜின் பிடித்திருக்கும்,
உங்கள் தங்கச்சி