டிக்கிரிக்கு ஒரு போத்தல் வீடு

பெப்ரவரி 9, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் மண்டை பிளக்கிற வெயில். வேலை இல்லை.

மகள் கவுசி என்னோடு பேசி மூன்று நாள். காரணம், என் வலது கால் செருப்பு. வியாழக்கிழமை சுவரில் ஒரு எட்டுக்கால் பூச்சி, குந்துமணி அளவு. அடித்தேன். அதற்கு டிக்கிரி என்று பெயர் இருந்ததும், ஒரு மாதமாக அவளுடைய ஜாம் போத்தலில் குடியிருந்ததும், காற்று வாங்க வெளியே விட்டிருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்?

"தெரியாம அடிச்சிட்டேன் பாப்பா" என்றேன்.

பதினொரு வயசு. ஏற இறங்கப் பார்த்தாள். "தெரிஞ்சிருந்தா மட்டும் விட்டிருப்பீங்களா? அதானே உங்க வேல."

அதோடு பேச்சு நின்றது.

வேலை அதுதான், மறுக்க முடியாது. வறட்சி மாதங்களில் தேயிலையில் செஞ்சிலந்தி விழும். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மலை மலையாக மருந்தடிக்கிறவன் நான். இலைக்கு அடியில் இருப்பது மண்துகள் அளவுதான். அதற்கும் எட்டுக் கால்.

முடிவு: புதுசாக ஒன்று பிடித்து, ஜாம் போத்தல் இல்லாமல் ஒழுங்கான வீடு கட்டிக் கொடுப்பது.

சேர்த்தது —
பிஸ்கட் போத்தல், பெரியது, பிளாஸ்டிக். கடையில் கெஞ்சி வாங்கியது.
பழைய கொசுவலையில் ஒரு துண்டு.
தண்ணீர் விழுகிற பீலிக்கரைப் பாசி, கூழாங்கல், அடுப்புக் கரி.
கொய்யாக் குச்சி. தேயிலைக் குச்சி அழகாக இருக்கும், ஆனால் மருந்து பட்டது. நான் அவ்வளவு முட்டாள் இல்லை.

வீட்டுக்காரி சரசு பக்கத்து வீட்டுக் காம்பராவில் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது: "மக பேசலன்னு மனுசன் போத்தலக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு."

பெப்ரவரி 10, திங்கள்

வெயில். ஏழாம் நம்பர் மலையில் பாதி முடிந்தது.

காலையில் பேர் எடுக்கிற பெரட்டில் என் கூட்டாளி பெரியசாமியிடம் வாயை விட்டேன். மருந்து கலக்கும்போது ஊருக்கே ஒலிபரப்பினான். "கேட்டுக்கங்கப்பா, பகல்ல சிலந்திக்கு மருந்து, அந்திக்கு சிலந்திக்கு மாடிவீடு. மாமா, கல்யாணம் கட்டி வைக்கிறது எப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வேலை முடிந்து குளித்து உடுப்பு மாற்றினேன். குளிக்காமல் சரசு வாசலில் ஏற்றமாட்டாள். பிறகு பீலிச் சுவரில் வேட்டை. அரை மணி நேரம், முழங்கையில் தோல் போனது. கடைசியில் தீப்பெட்டிக்குள் ஒன்று. சாம்பல் நிறம், முகத்தில் இரண்டு பெரிய கண். நான் இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் திரும்புகிறது. மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவின் பார்வை.

காய்ச்சிய ஆணியால் போத்தலில் இருபது ஓட்டை. என் கட்டைவிரலில் ஒன்று. கீழே கல், அதன்மேல் கரி, அதன்மேல் பாசி. குச்சியைச் சாய்த்து வைத்தேன். மேலே மூடி. நானே குடியேறலாம் போல இருந்தது.

கவுசி தண்ணீர் குடிக்கிற சாக்கில் இரண்டு தடவை வந்து போனாள். ஏற்கனவே குடித்திருந்தாள்.

பெப்ரவரி 11, செவ்வாய்

போத்தல் வீட்டில் பிழை. பூச்சி உச்சியில், மூடிக்கு அடியில் வெள்ளையாகக் கூடாரம் கட்டியிருக்கிறது. ஈ போட மூடியைத் திறந்தேன். கூடாரம் இரண்டாகக் கிழிந்தது. ஒரு ராத்திரி உழைப்பு.

பின்னாலிருந்து குரல். என்னிடம் இல்லை, பூச்சியிடம். "பாவம்டி டிக்கிரி, உன் கூரையும் போச்சா?" பிறகு தாயிடம்: "அம்மா, போத்தலத் தலகீழா வைக்கச் சொல்லுங்க. மூடி கீழ இருந்தா கூட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

சரசு: "ஏங்க, தலகீழா வைக்கணுமாம்."

நான்: "சரின்னு சொல்லு."

இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு மூன்று பேர் பேசிய பேச்சு. எல்லாவற்றையும் கொட்டி, மூடியில் பாசியைப் பரப்பி, போத்தலைக் கவிழ்த்தேன். தீனி போடப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, கொசுவலையைத் திரையாகக் கட்டினேன். கரி முழுக்க என் இடுப்புச் சாரத்தில்.

தீனிக்கு ஈ. மாட்டுக் கொட்டகையில் ஏழு பிடித்தேன். உள்ளே விட்டதும் பறந்து வெளியே போகிறது. அதனால் இறக்கையைப் பிய்த்துப் போட்டேன். முதல் ஈக்குக் கை கொஞ்சம் கூசியது. மூன்றாவதற்கு விரல் பழகிவிட்டது. இறக்கை இல்லாத ஈ பாசிமேல் வட்டம் வட்டமாகச் சுற்றியது. டிக்கிரி மேலிருந்து பார்த்தது, பின்னங்காலை ஊன்றியது, பாய்ந்தது.

"பிடிச்சிருச்சுப்பா!"

அப்பா. என்னைத்தான்.

"இன்னொண்ணு போடுங்கப்பா. பெரிசா."

போட்டேன். அதன் பசி அடங்கிய பிறகும் போட்டேன். தின்னாத ஈக்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. நாங்கள் தலையோடு தலை இடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல நாள்.

பெப்ரவரி 12, புதன்

காற்று. மருந்து முகத்தில் அடித்தது.

டிக்கிரி போத்தல் சுவரில் ஒட்டிய துளியைத்தான் குடிக்குமாம். கவுசி விரலால் தெளித்தால் சொட்டுச் சொட்டாக விழுகிறது, பூச்சி பயந்து ஓடுகிறது. "பனி மாதிரி விழணும்ப்பா."

பனி மாதிரி அடிப்பதற்கு இந்தத் தோட்டத்தில் என்னைவிட ஆள் யார்? மருந்து அறையில் ஓரமாகக் கிடந்த சின்னக் கைப்பம்பைக் கொண்டுவந்தேன். நாற்றுக்கு அடிப்பது. சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கழுவினேன். தேசிக்காய் பிழிந்து ஒரு தடவை. மோந்து பார்த்தேன், வாசமே இல்லை.

சரசு சிரித்தாள். "உங்க மூக்கா? அடுப்புல கருவாடு கருகினாக்கூட தெரியாத மூக்கு."

உண்மைதான். பத்து வருடமாக மருந்து குடித்த மூக்கு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பிள்ளை கையில் பம்பைக் கொடுத்தேன். பிடிக்கிற விதம், தூரம், எல்லாம் காட்டிக் கொடுத்தேன். போத்தலுக்குள் மெல்லிய மூடுபனி. டிக்கிரி வந்து ஒரு துளியில் வாய் வைத்தது.

"எங்க அப்பாதான் செஞ்சாருன்னு டீச்சர்கிட்ட சொல்லப் போறேன்."

பெப்ரவரி 13, வியாழன்

பள்ளிக்கூடம் போகுமுன் கவுசி இரண்டு தடவை அடித்திருக்கிறாள். வெயில் நாள் என்று ஒரு தடவை கூடுதலாக.

நான் வரும்போது போத்தல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிக்கிரி பாசியில் மல்லாந்து கிடந்தது. கால்கள் நடுங்கின. பிறகு எட்டும் உள்பக்கமாக மடங்கின, கையை மூடுவதுபோல. ஒரு ஈ இன்னும் உயிரோடு அதைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சாவு எனக்குத் தெரியும். நான் அடித்துவிட்டுப் போகிற செடிகளுக்கு அடியில் தினமும் பார்ப்பது.

சரசு பம்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"நான்தாம்ப்பா" என்றாள் கவுசி. "கூடத் தண்ணி அடிச்சிட்டேன். மூச்சு முட்டிருச்சு போல."

பதில் என் வாயில்தான் இருந்தது. சொன்னால் மறுபடி "அதானே உங்க வேல." மறுபடி எத்தனை நாளோ.

"ஈரம் கொஞ்சம் கூடிப்போச்சுதான் பாப்பா" என்றேன். "பரவால்ல. தெரியாமத்தானே செஞ்ச."

என் நெஞ்சில் முகம் வைத்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் தலைக்கு மேலாகச் சரசு பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெப்ரவரி 14, வெள்ளி

பம்பை மருந்து அறையில் திருப்பி வைத்தேன். பெரியசாமி: "என்ன மாமா, மாடிவீட்டுல சாவா?" எல்லோரும் சிரித்தார்கள்.

சரசு: "சொல்லிட்டீங்களா?"

"நாளைக்கு."

"பாப்பா கையால சோறு பிசையல. கரண்டி கேக்குது, பாத்தீங்களா?"

பெப்ரவரி 15, சனி

மதியம் மேகம், மழை இல்லை.

போத்தலையும் கல்லையும் கவுசியே கழுவிக் காயவைத்திருந்தாள். புதுப் பாசி. தீப்பெட்டியில் புதிதாக ஒன்று, சின்னது, அவளே பிடித்திருக்கிறாள். என் மடியில் வைத்தாள்.

"நீங்களே உள்ள விடுங்கப்பா. ஈயும் நீங்களே போடுங்க, தண்ணியும் நீங்களே அடிங்க. என் கை ஆகாது."

சரி என்றேன்.

அவள் போனதும் என் விரல்களை மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.