அப்பா மடித்த இலை

மார்ச் 5, வியாழன்

பிரவினுக்குப் பதவி உயர்வு. சனிக்கிழமை மகாபலிபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் விருந்து. அவனுடைய மேனேஜரும் அவர் மனைவியும் வருகிறார்கள். செங்கல்பட்டிலிருந்து அப்பாவையும் வரச் சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து பிரவின் எனக்குப் பாடம் எடுக்கிறான். நாப்கின் மடியில் இருக்கணும். முழங்கை மேஜையில் படக்கூடாது. உறிஞ்சுகிற சத்தம் வரவே கூடாது. “உங்கப்பாவுக்கும் சொல்லிடு.”

என்னவென்று சொல்ல? இத்தனை வயசு வரைக்கும் அவர் சாப்பிடத் தெரியாமலா இருந்தார்?

மார்ச் 8, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

அப்பா நேற்று ஸ்பூனைக்கூட ஒழுங்காகத்தான் பிடித்தார். சத்தமே வரவில்லை. ஆனால் அழகுக்காகத் தட்டின் மேல் வாழையிலையை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அப்பா அதைத் தன் பக்கமாக மடித்தார். உறவு நீடிக்கணும் என்று எங்கள் பக்கத்தில் அப்படித்தான் மடிப்போம். மருமகனுக்குச் செய்த மரியாதை அது. மீந்த குழம்பு வழிந்து வெள்ளை விரிப்பெல்லாம் ஆகிவிட்டது.

மேனேஜர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரவின் அப்பாவின் தட்டை இரண்டு விரலால் தள்ளி, எடுத்துப் போ என்று சர்வருக்குக் கண்ணைக் காட்டினான். அப்பா அதைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அப்பாவை இறக்கிவிட்ட பிறகு காரில் பிரவின், “மேனர்ஸ் தெரியாதவங்கள வெளிய கூட்டிட்டு வரக்கூடாது பிரபா.”

அப்படியா? ரெண்டு விரலால தள்றது எந்த ஊர் மேனர்ஸ்?

மார்ச் 9, திங்கள்

டிபன் பாக்ஸ் கட்டவில்லை. கேன்டீனில் மேனர்ஸோடு சாப்பிடட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

அப்பா வந்தார், பை நிறைய முருங்கைக்காயோடு. அவருக்காக வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தேன்.

“துன்னுட்டுதாம்மா வந்தேன். வவுறு ஃபுல்லா கீது.”

தண்ணீர் மட்டும் குடித்தார். “வாங்க மாமா” என்றான் பிரவின், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தயிர் வாங்கக் கீழே இறங்கினேன். எங்கள் படூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் அப்பா. பன்னை டீயில் தோய்த்து அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் — என்னிடமிருந்தா அப்பா மறைக்கிறீர்கள்?

“இன்னா பிரபா, இங்க? வூட்டுக்குத்தான் வந்துகினு இருக்கேன். நீ முன்னால போ.”

நான் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் ஒரு பன் சொன்னேன். பிரவின் போன் செய்துகொண்டே இருந்தான். எடுக்கவில்லை.

வீட்டில் சமைத்தது அப்படியே இருந்தது. ஆனாலும் “சாப்பிட வாங்கப்பா” என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அங்கிருந்தே ஊருக்குக் கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தேன்.