பிணைக்கு நின்ற அண்ணை

தடுப்பு நிலையம்,
லண்டன்.
20.06.1994

அன்புள்ள பஸ்தியாம்பிள்ளை அண்ணைக்கு,

உங்கள் சின்னம்மாவின் மகன் அருட்பிரகாசம் எழுதுகிறேன். நேற்று நீங்கள் வந்து போனபின்தான் எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கியது. இங்கே சோறு என்று தருவதைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். அதை விடுவோம்.

நேற்று பேச நேரம் போதவில்லை. என் வழக்கைப் பார்க்கும் சொலிசிற்றர் சொன்னதை முழுதாக எழுதுகிறேன். ஏஜென்சிக்காரன் என்னைக் கொண்டுவரும் வழியில் பெல்ஜியத்தில் நிறுத்தி வைத்திருந்தான் அல்லவா, அதனால் என் அகதி வழக்கை அங்கேதான் பார்க்க வேண்டுமாம். பெல்ஜியம் ஏற்காவிட்டால் கொழும்புக்குத்தான். லூர்தம்மாவும் பிள்ளையும் போன வருடம் நேரே இங்கு வந்ததால் லண்டன் எட்மண்டனில் இருக்க விட்டிருக்கிறார்கள். நான் பிணையில் வெளியே வந்து அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தால் குடும்பத்தைப் பிரிக்கத் தயங்குவார்கள். உள்ளே இருந்தால் ஒரு நாள் காலையில் எழுப்பி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். பிணை நிற்பவர் வீடுவாசல் உள்ள நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும், சும்மா தெரிந்தவர் காணாது என்கிறார். இந்த நாட்டில் எனக்கு அப்படி இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

இங்கே பொது அறையில் தொலைக்காட்சி எந்நேரமும் ஓடுகிறது. ஹெயிட்டிச் சனங்கள் படகுகளில் அமெரிக்காவுக்குப் போவதையும் அவர்களை நடுக்கடலில் மறிப்பதையும் காட்டுகிறார்கள். என் அறையில் இருக்கும் கானாக்காரர் 'அவையளுக்கு நீ கடந்ததைவிடப் பெரிய தண்ணி' என்று சைகையால் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மச்சாளுக்கும் பிள்ளை அஞ்சலீனாவுக்கும் என் அன்பு.

தம்பி,
அருட்பிரகாசம்


குட்மேய்ஸ்
கிழக்கு லண்டன்
26.06.1994

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் மனமார வாழ்த்தி எழுதுவது. நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. பிணைக் கடதாசியில் கையெழுத்துப் போட்டாயிற்று. சொலிசிற்றர் உறவு என்னவென்று கேட்டார். 'என்ரை தாயும் அவன்ரை தாயும் கூடப்பிறந்த சகோதரங்கள், ஒரு வளவிலை வளந்தனாங்கள்' என்றேன். அவருக்கு நல்ல திருப்தி. அதிகாரிகள் எனக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்து விசாரிப்பார்களாம், எடுக்கட்டும்.

நீ ஹெயிட்டிக்காரரைப் பற்றி எழுதியதைப் பார்த்து அதிசயப்பட்டேன். அவர்களுக்காகத்தான் எங்கள் பங்குக் கோவிலில் கையெழுத்துச் சேர்க்கிறோம். குழுவுக்கு நான்தான் தலைவர். நம்மவர்களின் மனம் இன்னும் விரியவில்லை. பூசை முடிந்து வந்த ஒரு அம்மா 'அந்தக் கறுவலுகளுக்கு நாங்கள் ஏன் மினக்கெட வேணும், எங்களுக்கு ஆர் கையெழுத்து வைச்சது?' என்று கேட்டாள். 'கடலிலை தத்தளிக்கிறவனிட்டை நிறம் பாக்கிறதோ?' என்று கேட்டு வாயை அடைத்தேன். பாதர் என் தோளில் தட்டினார்.

உன்னிடம் ஒரு உதவி. அடுத்த ஞாயிறு ஹெயிட்டி மக்களுக்காகச் செபக் கூட்டம் வைக்கிறோம். மன்னாரிலிருந்து நீங்கள் படகில் போன கதையை எழுதி அனுப்பு. வெள்ளைக்காரச் சனங்கள் அப்படி ஒன்றை நேரில் கேட்டதில்லை. நான் ஆங்கிலத்தில் வாசிக்கிறேன்.

உன் அண்ணை,
பஸ்தியாம்பிள்ளை


தடுப்பு நிலையம்
30.06.1994

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் கேட்டதை எழுதியிருக்கிறேன். அழகாக எழுத எனக்கு வராது, சங்கக்கடை மனேஜராய் இருந்தவனுக்கு அரிசி மூட்டைக் கணக்குத்தான் வரும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் புறப்பட்டோம். லூர்தம்மா பிள்ளைத்தாச்சி. உங்கள் அம்மா, என் பெரியம்மா, நடக்க மாட்டாமல் இருந்தார். 'என்னை விட்டிட்டுப் போங்கோ, எனக்கு என்ன கிடக்கு' என்று அடம்பிடித்தவரை நான்தான் தோளில் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்து படகில் ஏற்றினேன். வழி நெடுக உங்கள் பெயரைச் சொல்லி, 'பஸ்தியானுக்கு எழுதிப் போடு, அம்மா பத்திரமாய் இருக்கிறா எண்டு' என்றுகொண்டே வந்தார். படகோட்டி எங்களை நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனான். அங்கே தண்ணீர் இல்லை, நிழல் இல்லை. மறுநாள் இந்தியக் கடற்படை வந்து ஏற்றியது. பெரியம்மா மண்டபம் முகாமில் அந்த மாரி முடியுமுன் கண்ணை மூடினார். பெட்டி வாங்க வழியில்லாமல் பழைய பலகை அடித்து அடக்கம் செய்தோம். இதை உங்களுக்கு இவ்வளவு விபரமாக முன்னர் எழுதியதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கூட்டத்தில் சொல்லுங்கள். ஹெயிட்டிக்காரரைப் பக்கத்து நாடுகளில் விடலாம் என்று கதைக்கிறார்களாம். பக்கத்து நாட்டில் இருந்து பார்த்தவன் நான். முதல் மாதம் சோறு தந்து அழுதார்கள், உண்மையான பாசம். பிறகு பெயர் கூப்பிட்டு எண்ணினார்கள். பிறகு எப்போது போவீர்கள் என்று கேட்டார்கள். பிறகு, நாங்களே விரும்பிப் போகிறோம் என்று கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அகதியை வாசலில் இருத்துவது வேறு, வீட்டுக்குள் எடுப்பது வேறு. இது வெள்ளைக்காரருக்கு விளங்குமோ தெரியாது, உங்களுக்கு விளங்கும்.

அன்புடன்,
தம்பி அருட்பிரகாசம்


குட்மேய்ஸ்
06.07.1994

அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைக் கோவில் மண்டபத்தில் வாசித்தேன். பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, 'ஒரு வயோதிப மாது' என்று மட்டும் வைத்தேன். பொது இடத்தில் சொந்தக் கதை வேண்டாம் என்று நினைத்தேன், நீ குறை நினைக்கமாட்டாய். பக்கத்து நாடுகளைப் பற்றி எழுதியதையும் விட்டுவிட்டேன். பனாமா ஹெயிட்டிக்காரரை ஏற்கச் சம்மதித்திருப்பதாக நேற்றைய செய்தி, எங்கள் மனுவிலும் அதை வரவேற்று எழுதுகிறோம். இந்த நேரத்தில் கசப்பாகப் பேசக்கூடாது.

உன் பிணை வழக்கு பதினாலாம் தேதி வியாழன் என்று சொலிசிற்றர் அறிவித்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டேன், கறுப்புக் கோட்டைக் கழுவக் கொடுத்திருக்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. அஞ்சலீனாவுக்குக் குரோய்டனில் ஒரு டொக்டர் பொடியன் பொருந்தி வருகிறது. இந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எழுபதுகளில் படிக்க வந்து நிலைத்த குடும்பம், குடும்ப விபரமெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள். அகதியாய் வந்த சொந்தக்காரர் கழுத்தில் விழுவார்கள் என்று அவர்களுக்கு ஒரு பயம். பழைய ஆட்கள் அப்படித்தான், நீ மனதில் வைக்காதே. உன் மச்சாள் றோஸ்மலருக்குத் தனியச் சமாளிக்க ஏலாது என்பதால் லூர்தம்மாவை உதவிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். வெள்ளி என்றபடியால் இறைச்சி இல்லை, மீன் ரோல்ஸ்தான். அவள் கைப்பக்குவம் யாருக்கு வரும்.

வியாழன் மாலை எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

உன் அண்ணை,
பஸ்தியாம்பிள்ளை


தடுப்பு நிலையம்
15.07.1994

அன்புள்ள அண்ணைக்கு,

நேற்று நீங்கள் வரவில்லை. வழியில் ஏதும் நடந்துவிட்டதோ, சுகவீனமோ என்று இரவு முழுதும் செபமாலை உருட்டினேன். உடனே ஒரு வரி எழுதுங்கள்.

பிணை மறுத்துவிட்டார்கள். நீதிபதி நல்ல மனிதராகத்தான் இருந்தார். உறவினர் எங்கே என்று கேட்டார், சொலிசிற்றர் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி வாசலைப் பார்த்தார். அப்போது அரசாங்கத் தரப்பு ஆள் எழும்பி, வெள்ளிக்கிழமை மாலை உங்களுக்குத் தொலைபேசி எடுத்ததாகவும், நான் உறவினன் இல்லை, ஒரே ஊர்ப்பக்கம் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று நீங்கள் சொன்னதாகவும் வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் எனக்கு அதைத் தமிழில் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

அண்ணை, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்படியும் பச்சைப் பொய் சொல்வார்களா? எழும்பி, 'பொய், அவர் என்ரை பெரியம்மாவின்ரை மகன்' என்று கத்திவிட்டேன். காவலாளி தோளைப் பிடித்து இருத்தினான். நீங்கள் உடனே சொலிசிற்றருக்கு எழுதி, அந்த ஆள் சொன்னது பொய் என்று அறிவிக்க வேண்டும். அது கிடைத்தால் திரும்பவும் மனுப்போடலாம் என்கிறார். பெல்ஜியம் என்னை எடுக்கச் சம்மதம் தந்துவிட்டதால் நாட்கள் அதிகம் இல்லை.

பனாமாவும் சொன்ன சொல்லை மாற்றிவிட்டதாம், தொலைக்காட்சியில் பார்த்தோம். கானாக்காரர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். எனக்கு அது நன்றாக விளங்கியது.

உங்கள் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி அருட்பிரகாசம்


குட்மேய்ஸ்
19.07.1994

அன்புத் தம்பி,

உன் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். வியாழன் காலை எனக்கு எழும்ப ஏலாத காய்ச்சல். றோஸ்மலரிடம் கேட்டுப்பார். தொலைபேசி விஷயத்தில் அந்த உத்தியோகத்தர் ஏதோ பிழையாக விளங்கியிருக்கிறார். வீட்டில் ஆட்கள் இருந்த சத்தத்தில் நான் என்ன சொன்னேன் என்றே எனக்கு நினைவில்லை. இனி எழுத்தில் கொடுத்தால் ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சாகி, வேலை செய்யும் இடம்வரை விசாரணை வரும். கொஞ்சம் ஆறட்டும், பார்ப்போம்.

நீயும் ஒன்றை யோசிக்க வேண்டும். பெல்ஜியம் என்ன தொலைவா? பக்கத்து நாடுதானே. அமைதியான நாடு, கத்தோலிக்க நாடு. அங்கே உனக்கு அகதிப் பதிவு கிடைத்தால் லூர்தம்மாவும் பிள்ளையும் வந்து போகலாம். ஹெயிட்டிச் சனங்கள் படும் பாட்டோடு பார்த்தால் நாமெல்லாம் அதிர்ஷ்டக்காரர். அவர்கள் உண்மையாகவே போக்கிடம் இல்லாதவர்கள். நம்மவர்கள் ஏஜென்சிக்குக் கொடுத்து நாடு பார்த்து வருவதால்தானே இங்கே எல்லாருக்கும் கெட்ட பெயர். உன்னைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டார்கள். தை மாதத்தில் வைக்க யோசிக்கிறோம். உன் செபத்தில் அஞ்சலீனாவை நினைத்துக்கொள்.

உன் அண்ணை,
பஸ்தியாம்பிள்ளை


தடுப்பு நிலையம்
26.07.1994

திரு. பஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை லூர்தம்மா பிள்ளையோடு வந்தாள். உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். 'பாவம் அண்ணை, காய்ச்சலோடை கிடந்திருக்கிறார், நான் வீணாய்க் கோவிச்சுப்போட்டன்' என்றேன். அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் மச்சாள் அவளிடம், 'நீர் இஞ்சாலை வராதையும், தட்டை நான் கொண்டுபோறன்' என்று சொல்லிக் குசினிக் கதவைச் சாத்தினாராம். பிள்ளையைப் பின்வளவில் விளையாட விட்டிருந்தார்களாம். குசினியில் அவள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நீங்கள் ஆங்கிலத்தில் பேசியது அவளுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. ஆனால் தொலைபேசியை வைத்துவிட்டு மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் தமிழில் சொன்னது நன்றாக விளங்கியது. 'ஆரோ ஒரு அகதிப் பொடியன், எங்கடை பேரைக் குடுத்திட்டான். இப்ப இதுதான் இவையளுக்குத் தொழில்.' எல்லாரும் சிரித்தார்களாம். நீங்களும் சிரித்தீர்களாம்.

'ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?' என்று கேட்டேன். 'ஆக்களுக்கு முன்னாலை வெக்கத்திலை சொல்லிப்போட்டார், வழக்கு நாளிலை வந்து சரியாய்ச் சொல்லுவார் எண்டு நினைச்சன்' என்றாள். அன்று பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுத்தான் அவள் எட்மண்டனுக்குப் பஸ் எடுத்திருக்கிறாள். மிச்ச ரோல்ஸை மச்சாள் கட்டிக்கொடுத்தாராம்.

நீங்கள் பயந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். மகளின் வாழ்க்கை, நானும் பெண்பிள்ளை பெற்றவன். 'தம்பி, எனக்கு ஏலாது, வேறை ஆளைப் பார்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், நேரம் இருந்தது, எட்மண்டன் பாதரிடமாவது கேட்டிருப்பேன். வருவதாகச் சொல்லி, கோட்டைக் கழுவக் கொடுத்து, என்னை வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வைத்தீர்கள். நான் உங்களுக்காக அந்த நீதிமன்றத்தில் கத்தினேன்.

ஹெயிட்டிக்காரருக்கு நீங்கள் கையெழுத்துச் சேர்ப்பது நல்ல காரியம், விடாமல் செய்யுங்கள். அவர்களில் ஒருவரும் குட்மேய்ஸுக்கு வந்து உங்கள் கதவைத் தட்டப் போவதில்லை. போக்கிடம் இல்லாதவர்கள் என்று எழுதினீர்கள். என் தோளில் ஏறிப் போன அந்த வயோதிப மாதுவுக்கு எந்தப் போக்கிடம் இருந்தது? அவரும் அகதி அட்டையோடுதான் செத்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அம்மா எங்கே காலமானார் என்று சொல்லியிருக்கிறீர்கள்?

நாளைக் காலை என்னை ஏற்றுகிறார்கள். சற்று முன்தான் அறிவித்தார்கள். பெல்ஜியத்தில் பதிவு தருவார்களா, கொழும்புக்குத் தள்ளுவார்களா என்று சொலிசிற்றருக்கும் தெரியவில்லை. ஞாயிறு போகும்போது பிள்ளை என்னிடம் எப்போது வீட்டுக்கு வருவீர்கள் என்று கேட்டாள்.

உங்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். தை மாதக் கலியாணத்துக்கு லூர்தம்மாவைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் அவள் மறுக்கத் தெரியாமல் வருவாள், வந்தால் உங்கள் குசினியில் நிற்பாள். வேறு யாரும் எங்களைப் பற்றி விசாரித்தால் அன்று சொன்னதையே சொல்லுங்கள். உறவு இல்லை என்று சொல்லுங்கள். இனி அது பொய் இல்லை.

இப்படிக்கு,
சூசைப்பிள்ளை அருட்பிரகாசம்